டூக்கா வீட்டுச் சம்பந்தம்

அந்த யன்னல் பக்கமா நகர்ந்து இரும் பிள்ளை, இந்தப் பஸ்காரன் வளைவில ஆளைத் தூக்கி எறிஞ்சுபோடுவான். தமிழ்ப் பிள்ளைதானே? கண்டவுடன தெரிஞ்சுபோச்சு. கோயிலுக்கோ வந்தனீர்? ஓம், நானும் அங்கயிருந்துதான் வாறன். ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் எனக்கு வெளிக்கிட ஏலும். எந்த ஊர் நீர்? சாவகச்சேரியோ. சாவகச்சேரியில எவடம்? சரி, விடும். இந்தக் காலத்துப் பிள்ளையளிட்ட அங்கால கேட்டால் மூக்குக்கு மேல கோவம் வரும்.

இஞ்ச இத்தாலியில வயசுபோன ஆக்களைப் பார்க்கிற வேலைக்கோ போகப் போறீர்? அப்ப ஒண்டு சொல்லுறன், காதில போட்டு வையும். கடைக்காரன் வீட்டுக்குப் போம், வாத்தியார் வீட்டுக்குப் போம். பழைய ராசா வீடு, பிரபு வீடு எண்டு ஆரும் ஆசை காட்டினால் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காதேயும். அனுபவிச்சவள் சொல்லுறன். என்ர ஒரே மகளையும், நான் இன்னும் முகம் காணாத பேத்தியையும் என்னட்டயிருந்து பிரிச்ச வீடு அது. இன்னும் அங்கதான் வேலை செய்யிறன். வேற எங்க போறது?

இந்த பஸ் கடைசியாப் போய் நிக்குமே, மலைக்கு மேல, மொந்தால்பா எண்டு, அந்த ஊர்தான். அங்க ஒரு டூக்கா வீடு இருக்குது. டூக்கா எண்டால் ஒரு சின்ன ராசா. முந்தி அது தனி நாடாம். நாடு! காலமை சைக்கிளில வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் முழு நாட்டையும் சுத்திப்போட்டு வந்திடலாம். அந்த ராச்சியம் போய் எத்தினையோ தலைமுறை. ஆனா நான் பார்க்கிற கிழவிக்கு இன்னும் போகேல்லை. டொன்னா ஒத்தாவியா எண்டு பேர். கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போக நான் வேணும், ஆனா நடப்பு மட்டும் மகாராணி நடப்பு.

அந்த நாட்டை ரெண்டு குடும்பம் ஆண்டது. குவார்னி எண்டு ஒண்டு, பெலாந்தி எண்டு ஒண்டு. இவை பறிக்க அவை பறிக்க, வெட்டிக் குத்திக் களைச்சுப்போய் கடைசியாப் பொம்பிளை குடுத்துப் பொம்பிளை எடுக்கத் தொடங்கிட்டினம். அதுக்குப் பிறகு வெளியில ஒரு சம்பந்தமும் இல்லை. குவார்னிப் பெட்டைக்குப் பெலாந்திப் பெடியன், பெலாந்திப் பெட்டைக்குக் குவார்னிப் பெடியன். பட்டமும் வெளியில போகக்கூடாது, காணியும் வெளியில போகக்கூடாது. கிழவியே குவார்னியில பிறந்து பெலாந்தியில கட்டினவதான். விறாந்தைச் சுவர் முழுக்க அவையின்ர படம். கிழவி சில்லுக் கதிரையில இருந்துகொண்டு பொல்லால காட்டிக் காட்டி ஆர் ஆரைக் கட்டினவை எண்டு சொல்லுவா, நான் தூசி தட்டிக்கொண்டு கேப்பன்.

எனக்கு முறை பிடிபடாட்டில் சோறு செமிக்காது பிள்ளை. அதால ஒவ்வொரு படத்துக்கும் எங்கட முறையில கணக்குப் பார்த்தன். தாடி வைச்ச டூக்கா ஒருத்தர், அவர் ஆரைக் கட்டியிருக்கிறார் தெரியுமோ? சித்தப்பான்ர மகளை. கேட்டீரோ, சித்தப்பான்ர மகளை! "சிஞ்ஞோரா, இது தங்கச்சியெல்லோ?" எண்டன். "அதுக்குப் பாப்பரசரிட்ட அனுமதி எடுத்தது" எண்டு ஏதோ கடையில சீனி வாங்கின மாதிரிச் சொல்லுறா. பாப்பரசர் சொன்னால் தங்கச்சி மச்சாளாகிடுவாளோ? இன்னொருத்தர் சொந்த அக்காவின்ர மகளைக் கட்டியிருக்கிறார். அது இந்தியாப் பக்கம் நடக்கிறதாம், எங்கட பக்கம் கேள்விப்பட்டதே இல்லை. நான் தூசித் துணியைப் போட்டிட்டு அப்பிடியே நிண்டிட்டன். சீ, இந்த ஆக்களின்ர எச்சில் கோப்பையையோ நான் கழுவுறன் எண்டு நினைச்சன்.

எங்கட குடும்பமும் வெளியில குடுக்கிறதில்லைத்தான். ஆனா நாங்கள் முறையாச் செய்தனாங்கள். எங்கட அம்மப்பா உடையார். வெள்ளைக்காரன் காலத்தில அந்தப் பகுதிக்கே அவர் சொன்னதுதான் சட்டம். அவரைக் கண்டால் சனம் தோளில கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில வைக்கும். எங்களில மாமான்ர மகனுக்கு மச்சாளைக் குடுக்கிறது வழக்கம், வீடு வளவு கைமாறாது. நானும் மாமான்ர மகனைத்தான் கட்டினனான். என்னட்ட ஒருத்தரும் விருப்பம் கேக்கேல்லை, கேக்கவேண்டிய தேவையும் இல்லை. இவர் கண்ணை மூடுமட்டும் என்ர முகத்தைப் பார்த்து ஆறுதலா நாலு வசனம் கதைச்சதில்லை. அது வேற கதை. ஆனா ஆக்கள் நல்ல ஆக்கள்.

என்ர மகளுக்குப் பேர் ஆரபி. சின்னனில இஞ்ச கொண்டுவந்தது. இவவின்ர படிப்புக்குத்தான் நான் அந்த மலைக்கு ஏறினது. சனிக்கிழமையில வந்து கிழவியைத் தூக்கிக் குளிக்கவார்க்க எனக்கு உதவி செய்வாள். கிழவிக்கு மகன் செத்துப் பேரன் ஒருத்தன்தான் மிச்சம், லாப்போ எண்டு. ரெண்டு குடும்பத்துக்கும் கடைசி வாரிசு அவன்தான். என்ன வேலை செய்யிறான் எண்டு நினைக்கிறீர்? மாட்டு டொக்டர். டூக்கா பரம்பரைப் பெடியன் முழங்கை மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பசுவுக்குப் பேறு பார்க்கிறான். அவனும் சனிக்கிழமையிலதான் கிழவியைப் பார்க்க வருவான். முந்தி மாதத்தில ஒருக்கா வந்தவன் எல்லாச் சனிக்கிழமையும் வரத் தொடங்கினான். நான் ஒரு விசரி, அப்பம்மாவில பாசம் கூடிட்டுது எண்டு நினைச்சன்.

ஒரு நாள் குசினிக்குள்ள வந்து, நான் அவிச்சு வைச்ச புட்டைக் கையால குழைச்சுச் சாப்பிட்டுப்போட்டு, "நல்லா இருக்கு மாமி" எண்டான். தமிழில. மாமியாம்! எனக்குக் கையில இருந்த அகப்பை விழுந்திட்டுது. பிறத்தியாளைக் கூப்பிடுற மாதிரிச் சிஞ்ஞோரா எண்டு சொல்லாமல் மாமி எண்டு சொல்லச் சொல்லி ஆர் பழக்கினது எண்டு விளங்க எனக்குக் கனநேரம் எடுக்கேல்லை. ஆரபியைத் திரும்பிப் பார்த்தன். அவள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

அந்த நேரம் எனக்குச் சூரிச்சில இருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. பெடியன்ர அப்பப்பா மணியகாரர், அதுவும் உடையார் மாதிரி ஒரு பெரிய உத்தியோகம். உடையார் வீட்டுக்கும் மணியகாரர் வீட்டுக்கும் ஏற்கனவே மூண்டு தலைமுறைக் கொடுக்கல் வாங்கல். சாதகம் பார்த்து, அப்பிடிப் பொருத்தம் கிடைக்காது எண்டு சாத்திரியார் சொன்னவர். பெடியன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு பார்க்கேல்லையே எண்டு ஆரபி கேட்டாள். ஆளை என்னத்துக்குப் பார்க்கிறது, ஆக்களைத்தானே பார்க்கிறது? அண்டைக்கு அழுது குழறி நான் பேசின பேச்சில அவள் ஒண்டு மட்டும் திருப்பிச் சொன்னாள். "அம்மா, லாப்போ என்னோட கதைப்பார். நான் சொல்லுறதைக் கேப்பார்." அதையும் ஒரு தகுதியெண்டு சொல்லுறாள் பாரும்.

பேந்து கிழவியின்ர காதுக்கும் போயிட்டுது. ஒரு நாள் நான் முதுகு தேய்ச்சு விடேக்க மெதுவாத் தொடங்கினா.

"உன்ர மகள் நல்ல பிள்ளை, மங்களா."

"ஓம் சிஞ்ஞோரா."

"கெட்டிக்காரி. வடிவும் இருக்குது. ஆனா லாப்போவுக்குச் சரிவராது. எங்கட வீட்டுக்கு ஆர் வரலாம் எண்டு ஒரு ஒழுங்கு இருக்குது. உனக்கு விளங்கும்தானே?"

"வடிவா விளங்குது சிஞ்ஞோரா. எனக்கும் இதில துண்டற விருப்பமில்லை."

கிழவி கண்ணில சவர்க்காரத்தோட அப்பிடியே திரும்பிப் பார்த்தா. "உனக்கு விருப்பமில்லையோ? உனக்கோ?"

"கோவிக்காதேங்கோ. உங்கட குடும்பத்தில தங்கச்சி முறையையெல்லாம் கட்டியிருக்கினம். நாளைக்கு எங்கட ஆக்கள் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? எங்கட அம்மப்பா உடையார்."

"உடையார் எண்டால் என்ன?"

"எங்கட ஊர் டூக்கா எண்டு வையுங்கோவன்."

ஐயோ, அவவுக்கு வந்த கோவத்தைப் பார்க்கவேணும். துவாயைப் பறிச்சு எறிஞ்சா. மத்தியானம் என்ர கையால சூப் குடிக்கமாட்டன் எண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தா. பெடியனும் பெட்டையும் விரும்பினது அவவுக்குக் கோவமில்லை. நான் மறுத்ததுதான் கோவம். வேண்டாம் எண்டு சொல்லுற உரிமை தங்களுக்கு மட்டுந்தானாம். ஏன், நான் என்ன வீதியில கிடந்தனானோ?

பின்னேரம் பசிச்சது, குடிச்சா. குடிச்சு முடிச்சு வாயைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா: "காரணம் எதெண்டாலும் பரவாயில்லை, உனக்கும் எனக்கும் இந்தச் சம்பந்தம் வேண்டாம். திருநாளுக்கு உன்ர மகளை மேசைக்குக் கூப்பிடவேணும் எண்டு லாப்போ நிக்கிறான். வரட்டும்."

"வந்தால் என்ன செய்வீங்கள்?"

"ஒண்டும் செய்யமாட்டன்."

அந்த ஒண்டும் செய்யாததின்ர அருத்தம் உமக்கு விளங்கோணும் எண்டால் அந்த வீட்டுத் திருநாளைப் பற்றிச் சொல்லவேணும். அந்தப் பக்கத்துப் பாணில உப்புப் போடமாட்டினம், சாப்பிட்டிருப்பீர், சப்பெண்டு கிடக்கும். வருசத்தில ஊர்த் திருநாளண்டைக்கு மட்டும் டூக்கா வீட்டில உப்புப் போட்டு ஒரு பெரிய வட்டப் பாண் சுடுறது. வீட்டுக்குத் தலைவியா இருக்கிறவ அதை வெட்டுவா. பரிமாறுற ஆள் தட்டத்தில அதைக் கொண்டு மேசையைச் சுத்தி வரவேணும். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால நிண்டு தலைவியைப் பார்க்கவேணும். அவ தலையாட்டினால் ஒரு துண்டை எடுத்துக் கோப்பையில வைக்கிறது. தலையாட்டாட்டில் பேசாமல் அடுத்த ஆளிட்டப் போறது. பாண் கிடைச்சவ வீட்டு ஆள். கிடைக்காதவ அந்த வாசல் மிதிக்கேலாது. அந்தக் காலத்தில வேற நாட்டில இருந்து குதிரை வண்டில் வரிசையோட வந்த ஒரு பொம்பிளைக்குப் பாண் குடுக்காமல் விட்டவையாம். அவள் அண்டைக்கே வந்த வண்டிலில திரும்பிப் போட்டாளாம். கிழவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

அந்த வீட்டில வேற வேலையாள் இல்லை எண்டதால இப்ப நாலைஞ்சு வருசமாத் தட்டம் தூக்கிறது நான்தான். அண்டைக்கும் நான்தான் தூக்கவேணும். தூக்கமாட்டன் எண்டு சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்குது? அதோட எனக்கும் ஒரு நினைப்பு. இவளுக்கு அந்தச் சபையில ஒரு சின்ன மூக்குடைவு கிடைச்சால், அழுதுபோட்டு வந்து சூரிச்சுக்கு ஓம் எண்டுவாள். எந்தத் தாயும் அப்பிடித்தான் நினைப்பாள்.

திருநாளண்டைக்கு வந்தாள். என்ன உடுத்துக்கொண்டு வந்தவள் தெரியுமோ? அவளின்ர கலியாணத்துக்கெண்டு நான் அலுமாரியில பூட்டி வைச்சிருந்த வெங்காயக் கலர்ச் சீலை. என்னட்டக் கேக்காமல் எடுத்திருக்கிறாள். ஆனா வடிவாத்தான் இருந்தவள், பொய் சொல்லக்கூடாது. பெரிய மேசை. கிழவி தலைமாட்டில. பாதிரியார், ஊரில உறுதி எழுதுற நொத்தாரிசு, நொத்தாரிசின்ர பெண்சாதி, பெலாந்திப் பக்கத்து ரெண்டு கிழடுகள். லாப்போவுக்குப் பக்கத்தில இவள். கிழவி பாணை வெட்டித் தந்தா. நான் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தட்டத்தோட வெளிக்கிட்டன்.

பாதிரியாருக்கு வைச்சன். லாப்போவுக்கு வைச்சன். இவளுக்கு முன்னால வந்து நிண்டு கிழவியைப் பார்த்தன். கிழவி மேசை விரிப்பில இருக்கிற பூவேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. தலை அசையேல்லை. ஆரபி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கிழவியைப் பார்க்கேல்லை, என்னைத்தான் பார்த்தாள். "அம்மா" எண்டாள். மெதுவா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி.

நான் அடுத்த ஆளிட்டப் போனன். நொத்தாரிசின்ர பெண்சாதி. அவவுக்குக் கிழவி தலையாட்டினா. வைச்சன்.

நான் என்ன செய்யிறது, நீரே சொல்லும்? தட்டம் என்ர கையில, தலை அவவின்ர கழுத்தில. வேலையில நிக்கேக்க மகள் எண்டு பார்க்க ஏலுமோ? லாப்போ "நொன்னா!" எண்டு அப்பம்மாவைப் பார்த்துக் கத்திக் கதிரையைத் தள்ளி விழுத்திப்போட்டு எழும்பினான். இவள் அழேல்லை, கத்தேல்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் தட்டத்தை வைச்சிட்டுப் பின்னால ஓடினன். செருப்பைக் கொழுவிக்கொண்டு என்ன சொன்னவள் தெரியுமோ? "அவ தலையாட்டேல்லை, சரி. நீங்கள் ஒரு துண்டை எடுத்து வைச்சிருக்கலாமே அம்மா." எப்பிடி வைக்கிறது? முறையெண்டு ஒண்டு இருக்கெல்லோ? அந்த வீட்டில பிறந்தவையே மீறாத முறையைச் சம்பளத்துக்கு நிக்கிற நான் மீறுறதோ?

ரெண்டு பேரும் நகரசபையில போய்க் கையெழுத்து வைச்சுக் கலியாணம் கட்டிட்டினம். எனக்குச் சொன்னவள்தான். "வாங்கோ அம்மா" எண்டு போன் எடுத்துக் கூப்பிட்டவள்தான். நான் போகேல்லை. எந்த முகத்தோட போறது? சூரிச்சுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டினம், உடையார் வீட்டுப் பெட்டை வெள்ளையனோட போட்டுது எண்டு. டூக்கா பரம்பரை எண்டு நான் சொல்லிப் பார்த்தனான். ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் போன் எடுத்தால் அவள் எடுக்கிறதில்லை. எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கிழவியின்ர தடிச்ச கழுத்துத்தான். கொஞ்சம் ஆட்டினால் என்ன, முறிஞ்சே போயிருக்கும்?

இந்தப் பங்குனியில பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. லாப்போ வந்து சொன்னான், கிழவிக்குப் போனில படம் காட்டினான். நான் பக்கத்தில கோப்பிக் கோப்பையோட நிண்டன். காட்டினால் பார்ப்பம் எண்டுதான் நிண்டன். அவன் போனைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு, "கோப்பிக்கு நன்றி சிஞ்ஞோரா" எண்டான்.

கிழவி அப்பிடியே மாறிப்போனா, பிள்ளை. குழந்தை எண்டவுடன பாணும் மறந்து போச்சு, ஒழுங்கும் மறந்து போச்சு. தங்கட ரத்தமாம், வம்சம் அழியேல்லையாம். "மங்களா, என்ர நீலச் சட்டையை எடு, நாளைக்கு லாப்போ வீட்டை போறம்" எண்டா. எனக்கு உள்ளுக்க எவ்வளவு சந்தோசம் எண்டு உமக்குச் சொல்லத் தெரியேல்லை. கிழவியோட நானும் போவன்தானே, வாசலுக்கு வந்தவளைத் துரத்தமாட்டாள்தானே. பிள்ளை பெத்த உடம்புக்கெண்டு மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து அரைச்சுச் சரக்குக் கறி வைச்சன். போத்திலில போட்டுச் சூடு ஆறாமல் துணியால சுத்தி, கிழவியின்ர மடியில வைச்சுக்கொண்டு போனன், கதிரை தள்ளக் கை வேணுமே.

கதவைத் திறந்தது ஆரபிதான். மெலிஞ்சுபோனாள். தலை சீவேல்லை. நான் வாயைத் திறக்க முதல் அவள் சொல்லிப்போட்டாள். "கதிரையை நான் உள்ளுக்குக் கொண்டுபோறன், சிஞ்ஞோரா. நீங்கள் கீழ இருங்கோ. முடிஞ்சவுடன லாப்போ வந்து சொல்லுவார்." இத்தாலியனில. ஒரு சொல்லுத் தமிழில்லை. கோவமும் இல்லை, நல்ல மரியாதையாச் சொன்னாள், கிழவியைப் பார்க்கிற ஆளுக்கு எப்பிடிச் சொல்லவேணுமோ அப்பிடி. பிறகு கதவைச் சாத்தினாள்.

கீழ பாமசிக்கு முன்னால ஒரு வாங்கு. அதில இருந்தன். மேல யன்னல் திறந்திருந்தது, பிள்ளை அழுது கேட்டது. பேந்து அழுகை நிண்டிட்டுது, ஆரோ தூக்கிட்டினம்போல. கிழவியின்ர சிரிப்புச் சத்தம் கேட்டது. கனநேரத்துக்குப் பிறகு லாப்போ கிழவியைக் கீழ கொண்டுவந்து விட்டான். மடியில போத்தில் இல்லை.

"குடுத்தனீங்களோ?" எண்டு கேட்டன்.

"குடுத்தன். நான்தான் சமைக்கச் சொன்னனான் எண்டன். உடன சாப்பிட்டாள்."

பாரும் அநியாயத்தை. கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டு வந்து, இருக்க ஏலாமல் கேட்டன், "பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"கறுத்த முடி, நிறைய" எண்டா. "கண் இன்னும் வடிவாத் திறக்கேல்லை. ஆனா நாடியை நீ பார்க்கவேணும், மங்களா. நடுவில ஒரு பள்ளம். குவார்னி நாடி. முழுக்க எங்கட ஆள்."

எனக்கு வந்த கோவம்! கதிரையை அப்பிடியே நடு ரோட்டில விட்டிட்டுப் போவமோ எண்டு வந்தது. குவார்னி நாடியாம். தங்கச்சியைக் கட்டின கூட்டத்துக்கு எங்கால வந்தது நாடி? அது எங்கட அம்மப்பான்ர நாடி, உடையார் நாடி. எனக்கு இருக்குது, ஆரபிக்கு இருக்குது, பேந்து அந்தச் சின்னனுக்கு வேற எங்கயிருந்து வரும்? நான் காணேல்லைத்தான். காணத் தேவையில்லை, எனக்குத் தெரியும். இஞ்ச, இந்த வெளிச்சத்தில என்னைப் பாரும். கிட்ட வாரும், பரவாயில்லை, விரலால தொட்டுப் பாரும். நடுவில ஒரு பள்ளம் இருக்குதெல்லோ? சொல்லும் பிள்ளை, இருக்குதெல்லோ?